ஒரே கம்ப்யூட்டர்... ஐந்து பேர்... ஒரே பாஸ்வேர்டு! என்ன ஆபத்து? யூசர் அக்கவுன்ட்டுகளை நிர்வகிப்பது எப்படி?

கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர், டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர், வீட்டு ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர்... இவற்றில் பல இடங்களில் ஒரு ஒற்றுமையைப் பார்க்கலாம். பயன்படுத்துவது நாலைந்து பேர். லாகின் மட்டும் ஒன்றுதான். அந்த பாஸ்வேர்டும் மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும்.

"யாருப்பா இந்த ஃபைலை அழிச்சது?" என்று முதலாளி கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கம்ப்யூட்டரிடமும் இருக்காது. ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே உட்கார்ந்தது எப்போதும் ஒரே ஆள்தான்.

ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் போடுவது பத்து நிமிட வேலை. காசு செலவில்லை. அதை எப்படிச் செய்வது, யாருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது, வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்ட்டை என்ன செய்வது? பார்க்கலாம்.

யூசர் அக்கவுன்ட் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், "நீ யார், உனக்கு இங்கே என்னென்ன செய்ய அனுமதி?" என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலைக் கம்ப்யூட்டர் எழுதிவைத்திருக்கும் பதிவுதான் யூசர் அக்கவுன்ட்.

ஒருவர் லாகின் செய்ததும் அவருடைய டெஸ்க்டாப், அவருடைய ஃபைல்கள், அவருடைய பிரவுசர், அவர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் எல்லாம் திறக்கின்றன. விண்டோஸில் 'சி' டிரைவில் உள்ள 'யூசர்ஸ்' போல்டருக்குள் ஒவ்வொருவருக்கும் தனி போல்டர் இருக்கும். சாதாரண அக்கவுன்ட் வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவரின் போல்டரைத் திறக்கப் போனால் கம்ப்யூட்டர் தடுத்துவிடும்.

ஒரே வீட்டில் எல்லாருக்கும் தனித்தனி பீரோ இருப்பது மாதிரி. வீடு ஒன்றுதான், சாவி வேறு வேறு.

இது எங்கே தொடங்கியது?

ஒரு கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பழக்கம் 60 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற சிஸ்டம் 1961-ல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. பல பேர் தனித்தனி டெர்மினல்களில் உட்கார்ந்து ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். யாருடைய ஃபைல் யாருடையது என்று பிரிக்க வேண்டிய தேவை வந்தது. அப்படித்தான் கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்டு நுழைந்தது.

பாஸ்வேர்டு வந்த சூட்டோடு திருட்டும் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கீடு இருந்தது. அது போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962-ல் எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அப்படியே பிரின்ட் எடுத்துவிட்டார். பின்னாளில் அவரே இதை வெளியில் சொன்னார்.

அதே சிஸ்டத்தில் 1960-களில் நடந்த இன்னொரு சம்பவம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. சிஸ்டத்தைப் பராமரித்த இருவர் ஒரே நேரத்தில், ஒரே டைரக்டரியில் வேலை செய்தார்கள். ஒருவர் லாகின் செய்பவர்களுக்குக் காட்டும் வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு டைரக்டரியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட எடிட்டர் சாஃப்ட்வேர், இரண்டு தற்காலிக ஃபைல்களையும் குழப்பிவிட்டது. விளைவு, அடுத்து லாகின் செய்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் திரையில் ஓடியது.

ஓர் ஆளுக்கென்று வைத்த இடத்தில் இரண்டு பேர் புழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அட்மின், ஸ்டாண்டர்டு - என்ன வித்தியாசம்?

விண்டோஸில் முக்கியமாக இரண்டு வகை அக்கவுன்ட்டுகள் உண்டு.

அட்மினிஸ்ட்ரேட்டர்: சாஃப்ட்வேர் ஏற்றலாம், நீக்கலாம். மற்றவர்களின் அக்கவுன்ட்டை உருவாக்கலாம், அழிக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். நினைத்தால் மற்றவர்களின் போல்டரையும் திறக்கலாம். சுருக்கமாக, அட்மினுக்குப் பூட்டிய அறை என்று எதுவும் கிடையாது.

ஸ்டாண்டர்டு யூசர்: பில் போடலாம், டைப் அடிக்கலாம், இன்டர்நெட் பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். அன்றாட வேலை அத்தனையும் செய்யலாம். ஆனால் கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்ய முடியாது. அதற்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

பிரச்சினை என்னவென்றால், புது கம்ப்யூட்டரில் விண்டோஸை முதன்முதலில் செட் செய்யும்போது உருவாகும் அக்கவுன்ட், அட்மின் அக்கவுன்ட்டாகத்தான் இருக்கும். கடைக்காரர் செட் செய்து கொடுத்துவிட்டுப் போவார். நாம் அதையே வருடக்கணக்கில் பயன்படுத்துவோம். அதாவது வீட்டின் மாஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தினமும் கடைத்தெருவுக்குப் போய்வருகிறோம்.

2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இருந்து ஒரு பாதுகாப்பு உண்டு. ஏதாவது சாஃப்ட்வேர் பெரிய மாற்றம் செய்யப் போனால், திரை மங்கி "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும். அட்மின் அக்கவுன்ட்டில் இருப்பவர் 'யெஸ்' என்று ஒரு கிளிக் செய்தால் போதும். நம்மில் பலர் படிக்காமலேயே 'யெஸ்' அழுத்திப் பழகிவிட்டோம். ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டில் அதே இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு நிமிடத் தாமதம்தான் பல நேரங்களில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றும்.

ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் இருந்தால் வைரஸே வராதா என்றால், வரும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், அந்த யூசர் திருத்தக்கூடிய ஃபைல்களை அது பூட்டிவிடும். ஆனால் கம்ப்யூட்டர் முழுவதையும் கைப்பற்றுவதும், மற்றவர்களின் போல்டருக்குள் நுழைவதும் கடினமாகும். சேதத்தின் அளவு குறையும்.

ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் என்ன நடக்கும்?

ஒன்று, சேமித்த பாஸ்வேர்டுகள். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்கும்போது 'சரி' கொடுத்திருப்போம். அவற்றைப் பார்க்க, விண்டோஸ் பாஸ்வேர்டு அல்லது பின் நம்பர் கேட்கும். அந்த பின் நம்பர்தான் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியுமே! அப்போ உங்கள் மெயில் பாஸ்வேர்டும், ஜி.எஸ்.டி. போர்டல் பாஸ்வேர்டும் எல்லாருக்கும் திறந்த புத்தகம்தான்.

இரண்டு, வெப் வாட்ஸ்அப். லாக் அவுட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் உங்கள் சாட்டைப் படிக்கலாம். உங்கள் பெயரில் மெசேஜும் அனுப்பலாம்.

மூன்று, யார் செய்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேடு இருக்கிறது. அதில் 'செக்யூரிட்டி' பிரிவில் 4624 என்ற எண்ணைப் பார்த்தால் லாகின் நடந்த விவரம் தெரியும். 4720 என்றால் புது அக்கவுன்ட் உருவாக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு விவரமாகக் கம்ப்யூட்டர் எழுதிவைத்தாலும், ஐந்து பேருக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பதிவேட்டால் பயன் இல்லை.

இதில் பாதிக்கப்படுவது முதலாளி மட்டுமல்ல. தப்பு செய்யாத ஊழியரும்தான். கல்லாவில் கணக்கு இடித்தாலோ, பில் அழிக்கப்பட்டிருந்தாலோ, "நான் செய்யல" என்று நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது. தனி அக்கவுன்ட் என்பது கண்காணிப்பு என்று நினைத்து ஊழியர்கள் சிலர் தயங்குவார்கள். உண்மையில் அது அவர்களுக்கான பாதுகாப்பும்கூட.

விண்டோஸ் 11-ல் புது அக்கவுன்ட் உருவாக்குவது எப்படி?

1. அட்மின் அக்கவுன்ட்டில் லாகின் செய்யுங்கள். 'செட்டிங்ஸ்' போய் 'அக்கவுன்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்' என்பதைத் திறக்கவும்.

2. 'ஆட் அக்கவுன்ட்' என்பதை அழுத்தவும். மெயில் ஐடி அல்லது போன் நம்பர் கேட்கும்.

3. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருப்பவர் என்றால் அவருடைய மெயில் ஐடியைக் கொடுக்கலாம். வேண்டாம் என்றால், அவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் யூசரைச் சேர்க்கும் வாய்ப்பு வரும்.

4. பெயர், பாஸ்வேர்டு, மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கொடுங்கள். பாஸ்வேர்டைப் பயன்படுத்தப் போகிறவரே டைப் செய்யட்டும். நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

5. உருவான பெயரை அழுத்தி, 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' என்பதில் 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருக்கிறதா எனச் சரிபார்க்கவும்.

அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். முக்கியமாக, உங்களுக்கும் ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஓனர் என்பதற்காகத் தினமும் அட்மினிலேயே உட்கார வேண்டியதில்லை. அட்மின் அக்கவுன்ட்டைச் சாஃப்ட்வேர் ஏற்றும் நாளில் மட்டும் திறந்தால் போதும்.

கூடவே, நம்பிக்கையான இன்னொருவர் பெயரில் இரண்டாவது அட்மின் அக்கவுன்ட் ஒன்று இருப்பது நல்லது. முதல் அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால் அதுதான் கைகொடுக்கும். வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் வைத்திருப்பதில்லையா, அதுபோல.

சீட்டில் இருந்து எழும்போது விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் தன் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம். உங்கள் வேலை பின்னணியில் அப்படியே திறந்திருக்கும்.

'டி' டிரைவில் வைத்தால் பாதுகாப்பா?

நம்ம ஊரில் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விண்டோஸ் போய்விட்டால் ஃபைல் போய்விடுமே என்று எல்லாவற்றையும் 'டி' டிரைவில் வைப்பார்கள். இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கிறது.

தனித்தனி அக்கவுன்ட் போட்டாலும், 'யூசர்ஸ்' போல்டருக்குள் இருப்பவைதான் தானாகவே தனித்தனியாகப் பிரிக்கப்படும். 'டி' டிரைவில் நாமாக உருவாக்கும் போல்டரை, நாம் எதுவும் மாற்றாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் யாரும் திறக்கலாம், திருத்தலாம்.

தீர்வு: அந்த போல்டரில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்' போய், 'செக்யூரிட்டி' என்ற பகுதியில் யார் யாருக்கு அனுமதி என்பதை மாற்றலாம். இது கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பழக்கமில்லை என்றால், தனிப்பட்ட ஃபைல்களை உங்கள் 'டாகுமென்ட்ஸ்' போல்டரிலேயே வைத்து, வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது எளிது.

எல்லாரும் பார்க்க வேண்டிய ஃபைல்களுக்கு, 'யூசர்ஸ்' போல்டருக்குள்ளேயே 'பப்ளிக்' என்ற போல்டர் இருக்கிறது. விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம் போன்றவற்றை அதில் போடலாம்.

இன்னொன்று: யூசர் அக்கவுன்ட் என்பது கம்ப்யூட்டர் ஓடும்போது நிற்கும் காவலாளி. ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், அந்தக் காவலாளி அங்கே இருக்க மாட்டார். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால்தான் அதிலிருந்தும் பாதுகாப்பு.

லினக்ஸில் எப்படி?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் லேப்டாப் வாங்கியவர்களுக்கு 'பாஸ்' லினக்ஸ் நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதுவாக இருந்தாலும் உபுண்டுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

லினக்ஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, எண்ணால்தான் காண்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' யூசரின் எண் 0. பொதுவாகச் சாதாரண யூசர்களுக்கு 1000-ல் இருந்து எண்கள் தொடங்கும். ஃபைல் ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் எண்தான் பதிவாகியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1005 என்ற எண் கொண்ட ஊழியர் போய்விட்டார், அவருடைய அக்கவுன்ட்டை அழித்துவிட்டீர்கள், ஃபைல்கள் மட்டும் அங்கங்கே கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவருக்கு அதே 1005 கிடைத்தால், பழைய ஊழியரின் ஃபைல்கள் அத்தனைக்கும் புதியவர் சொந்தக்காரர் ஆகிவிடுவார்! எனவே அக்கவுன்ட்டை அழிக்கும் முன் அவருடைய ஃபைல்களைத் தேடி வேறு ஒருவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.

பலர் சேர்ந்து வேலை செய்ய 'குரூப்' வசதி இருக்கிறது. கணக்குப் பிரிவு என்று ஒரு குரூப் போட்டு, போல்டரின் அனுமதியை அந்த குரூப்புக்குக் கொடுத்துவிட்டால் போதும். ஆள் வந்தால் குரூப்பில் சேர்க்கலாம், போனால் எடுக்கலாம். போல்டர் போல்டராகப் போய் மாற்ற வேண்டியதில்லை.

ரூட் பாஸ்வேர்டையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். 'சுடோ' என்ற வசதியில், அனுமதி பெற்றவர் தன் சொந்த பாஸ்வேர்டையே கொடுத்து அட்மின் வேலையைச் செய்யலாம். யார், எப்போது, எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பதும் பதிவாகும்.

வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்ட் - பெரிய ஆபத்து இதுதான்!

புது ஆள் வந்தால் அக்கவுன்ட் போட எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அவரே கேட்பார். போனவர் "என் அக்கவுன்ட்டை மூடுங்க" என்று கேட்கப் போவதில்லை. அது அப்படியே கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு அக்கவுன்ட் என்ன செய்யும் என்பதை 2021-ல் அமெரிக்கா பார்த்தது. கலோனியல் பைப்லைன் என்ற நிறுவனம் டெக்சாஸில் இருந்து நியூயார்க் பகுதி வரை சுமார் 8,850 கி.மீ. நீளக் குழாய்களில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் அனுப்புகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் சுமார் 45 சதவீதம் இதன் வழியாகத்தான் போகிறது.

2021 மே 7-ம் தேதி அதன் கம்ப்யூட்டர்களில் ரான்சம்வேர் தாக்குதல் தெரியவந்தது. நிறுவனம் குழாய்களை நிறுத்தியது. பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. பல பங்க்குகளில் ஸ்டாக் காலி. மே 12-ம் தேதிதான் மறுபடியும் குழாய்கள் இயங்கத் தொடங்கின. ஹேக்கர்களுக்கு 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியைப் பின்னர் அமெரிக்க அரசு மீட்டது.

ஹேக்கர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள்? வெளியில் இருந்து நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழைவதற்கான ஒரு பழைய வி.பி.என். அக்கவுன்ட். யாரும் பயன்படுத்தாதது. ஆனால் மூடப்படவில்லை. அதற்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதான், கூடுதலாக ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. அந்த பாஸ்வேர்டு ஏற்கெனவே இன்டர்நெட்டில் கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்ததை விசாரணையாளர்கள் பின்னர் கண்டார்கள்.

பயன்பாட்டில் உள்ள அக்கவுன்ட்டில் ஏதாவது வித்தியாசமாக நடந்தால் அதன் சொந்தக்காரர் கவனிப்பார். ஆள் இல்லாத அக்கவுன்ட்டை யார் கவனிப்பது?

போனவரின் அக்கவுன்ட்டை எப்படி மூடுவது?

முதலில் முடக்குங்கள், பிறகு அழியுங்கள். இந்த வரிசை முக்கியம்.

விண்டோஸ் ப்ரோவில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' என்பதற்குள் 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' இருக்கும். அதில் அந்தப் பெயரை 'டிசேபிள்' செய்யலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும், யாரும் லாகின் செய்ய முடியாது. ஹோம் வெர்ஷனில் இந்த மெனு கிடையாது. கமாண்ட் மூலம் முடக்கலாம். அது தெரியாவிட்டால், ஃபைல்களை எடுத்துக்கொண்டு நேரடியாக நீக்கிவிடலாம்.

கவனம்: 'செட்டிங்ஸ்' வழியாக அக்கவுன்ட்டை நீக்கினால் அவருடைய டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என எல்லாமே சேர்ந்து அழிந்துவிடும். வாடிக்கையாளர் பட்டியல் அவருடைய டெஸ்க்டாப்பில் மட்டும் இருந்தால், அதுவும் போச்சு. பேக்கப் எடுத்த பிறகே நீக்குங்கள்.

லினக்ஸில் பாஸ்வேர்டை லாக் செய்தால் மட்டும் போதாது. சர்வர்களில் பாஸ்வேர்டு இல்லாமல், 'கீ ஃபைல்' வைத்தும் லாகின் செய்வார்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கும். அக்கவுன்ட்டையே காலாவதி ஆக்கிவிட வேண்டும்.

கம்ப்யூட்டரோடு வேலை முடிவதில்லை. அவருக்குத் தெரிந்த வைஃபை பாஸ்வேர்டு, ஆபீஸ் மெயில், பில்லிங் சாஃப்ட்வேரில் அவருக்கு இருந்த லாகின், கடைப் பெயரில் உள்ள சோஷியல் மீடியா பக்கங்கள் என எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. போனவர் மேல் சந்தேகம் என்று இதற்கு அர்த்தமில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர் பெயர் அடிபடாமல் இருக்கவும் இது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66சி-யின்படி, இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையற்ற முறையிலோ பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பிரவுசிங் சென்டர்களுக்குத் தனி விதிகளே உள்ளன. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருபவரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்து, யார் எந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார் என்ற பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை சைபர் தாக்குதல்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே லாகின் என்றால் அந்தப் பதிவுகளில் ஆளைத் தேடுவது எப்படி?

சைபர் மோசடியில் பணம் போயிருந்தால் உடனடியாக 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது பழைய பாணி. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போவார்கள். காரணம் இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே வழிகாட்டிவிட்டது. கசிந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

சின்னதாக, சிக்கலாக இருப்பதைவிட நீளமாக இருப்பது மேல். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஓர் இடத்தில் போட்டதை இன்னோர் இடத்தில் போட வேண்டாம்.

போனிலும் இது முடியுமா?

முடியும், ஆனால் எல்லா போனிலும் இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் 2012 முதலும், போன்களில் 2014-ல் வந்த 5.0 வெர்ஷன் முதலும் பல யூசர் வசதி இருக்கிறது. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் மாடல்களில் இதை எடுத்துவிடுகின்றன. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'யூசர்ஸ்' என்று தேடிப் பாருங்கள். இருந்தால், குழந்தைக்கு போனைக் கொடுக்கும் முன் 'கெஸ்ட்' மோடுக்கு மாற்றிக் கொடுக்கலாம். உங்கள் போட்டோ, வாட்ஸ்அப், பேங்க் ஆப் எதுவும் அங்கே தெரியாது.

இந்த வசதி இல்லாத ஆண்ட்ராய்டு போன்களில் 'ஆப் பின்னிங்' இருக்கலாம். ஒரு ஆப்பை மட்டும் திறந்து பூட்டிக் கொடுத்துவிடலாம். ஐபோனில் ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் என்ற வசதி இல்லை. ஒரே ஆப்போடு நிறுத்த 'கைடட் ஆக்சஸ்' உதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்தினருக்கு 'கெஸ்ட்' அக்கவுன்ட் போடலாமா?
விண்டோஸ் 10 முதலே பழைய கெஸ்ட் லாகின் வசதி இல்லை. சாதாரண ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் ஒன்றை வேறு பெயரில் போட்டுக்கொள்ளலாம். 'கெஸ்ட்' என்ற பெயரை மட்டும் விண்டோஸ் ஏற்காது.

ஊழியர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். அட்மின் மாற்றிக் கொடுக்கலாமா?
லோக்கல் அக்கவுன்ட் என்றால் மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றினால் அவர் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம். விண்டோஸ் வசதியால் என்கிரிப்ட் செய்த ஃபைல்களும் திறக்காமல் போகும். முதலில் பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அவரையே மாற்ற முயலச் சொல்லுங்கள்.

நிறைய அக்கவுன்ட் போட்டால் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுமா?
அக்கவுன்ட் இருப்பதால் ஆகாது. நாலு பேர் லாக் அவுட் செய்யாமல் ஒரே நேரத்தில் ஆப்களைத் திறந்துவைத்தால் மெமரி தீரும், அப்போது ஸ்லோ ஆகும். நாள் முடிவில் எல்லாரும் 'சைன் அவுட்' செய்தால் போதும்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?
அக்கவுன்ட் பிரிக்கும் வசதி அதிலும் உண்டு. ஆனால் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்யாவிட்டால் புதிய ஓட்டைகள் அடைபடாது.

இன்றே சரிபார்க்க வேண்டியவை

* கம்ப்யூட்டரில் எத்தனை அக்கவுன்ட் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் இப்போது ஆள் இருக்கிறாரா?
* அட்மின் அதிகாரம் எத்தனை பேருக்கு? இரண்டுக்கு மேல் இருந்தால் குறையுங்கள்.
* ஒரே பாஸ்வேர்டை இரண்டு பேர் பயன்படுத்துகிறார்களா? பிரித்துவிடுங்கள்.
* 'டி' டிரைவில் எல்லார் கண்ணிலும் படக்கூடாத போல்டர் இருக்கிறதா?
* கடைசியாக வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் திறக்கிறதா?

ஐந்தில் கடைசிக் கேள்வியை முதலில் பாருங்கள். அதற்கு "ஆமாம்" என்பது பதிலானால், மற்ற நான்கும் ஒரு நாள் காத்திருக்கலாம். அது காத்திருக்கக் கூடாது. அப்படியே அந்த மானிட்டர் ஓரத்துச் சீட்டையும் கிழித்துவிடுங்கள்.